6. உயிர் போகும் விதிகள்

தாயம் ஆட உட்கார்ந்தால் கட்டையை உருட்டுவதற்கு முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும். வெட்டாமல் பழமேறலாமா? அஞ்சுக்கு மறு ஆட்டம் உண்டா? ஒரே கட்டத்தில் ரெண்டு காய் நின்றால் வெட்டலாமா, கூடாதா? எரியோட்டில் ஒரு வீட்டு வழக்கம் அடுத்த வீட்டில் செல்லாது. குஜிலியம்பாறையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர் பிறந்த வீட்டு ரூல்தான் சரி என்று சாதிப்பார். சண்டை வரத்தான் செய்யும். ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்து, முன்பே முடிந்தும்விடும்.

ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் இறங்கி ஆடும் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) போன்ற ஆட்டங்களை ஆட உட்காரும் இளவட்டங்கள் இந்தப் பேச்சைத் தவற விடுகிறார்கள். புத்தகத்தில் இருப்பது போதும் என்று தொடங்குகிறார்கள். இரண்டாவது ஞாயிறோ மூன்றாவது ஞாயிறோ, ஒருவர் ஆசையாக உட்கார்ந்து எழுதிய கேரக்டர் எங்கிருந்தோ வந்த ஒரு அம்பில் செத்துப்போகும். "என்னண்ணே, இதுக்குப் போய்ச் சாகடிச்சிட்டீங்க?" என்று அப்போதுதான் பேச்சு ஆரம்பிக்கும். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த விதி போட்டாலும் அது யாரோ ஒருவருக்காகப் போட்டதாகத்தான் தெரியும்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் வீட்டு விதிகளை முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாளே ஒரு தாளில் எழுதி, எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள். விதிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேரக்டர் சாகவே கூடாது என்று விதி போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சாவு இருக்கட்டும், அதற்கு ஆட்டக்காரர் கொடுக்கும் விலையை மட்டும் மாற்றுங்கள். நம் பக்கத்தில் அந்த விலை நேரம்தான். ஒருவர் ராத்திரி ஷிஃப்டுக்கு மில்லுக்குப் போக வேண்டும், இன்னொருவர் திண்டுக்கல்லுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மூன்று மணி நேர ஆட்டத்தில் முதல் அரை மணியில் செத்தவர் மிச்ச நேரமெல்லாம் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அடுத்த வாரம் அவர் வர மாட்டார்.

புத்தகங்கள் போன வழி

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போர் விளையாட்டு மேசையிலிருந்து பிறந்தது. அந்த மேசையில் ஒரு பொம்மை விழுந்தால் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள். 1981-ல் வந்த, டாம் மோல்ட்வே தொகுத்த தொடக்கநிலைப் புத்தகத்திலும் கணக்கு அதேதான்: ஹெச்பி (உயிர்ப்புள்ளி) சுழியம் ஆனால் சாவு. மயக்கமெல்லாம் கிடையாது.

அதற்கு முன்பே, 1979-ல் கைகாக்ஸ் எழுதிய டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) கையேட்டில் கொஞ்சம் இரக்கம் எட்டிப்பார்த்தது. சுழியத்தில் மயக்கம், அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி கழியும், கழித்தல் பத்தைத் தொட்டால் உயிர் போகும். பிழைத்தவர் ஒரு வாரம் படுத்துக் கிடக்க வேண்டும். கழித்தல் ஆறுக்கோ அதற்குக் கீழேயோ போய் மீண்டவருக்கு வடுவோ உறுப்பிழப்போ வரலாம் என்றும் அதில் இருந்தது. இதைப் பலர் மறந்துவிட்டார்கள், நாம் பின்னால் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பைத்தான் இன்று அதிகம் பேர் ஆடுகிறார்கள். சுழியத்தில் விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் டி20 எனும் இருபதுமுகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றி வந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி வந்தால் சாவு. ஒன்று விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. இருபது விழுந்தால் ஒரு ஹெச்பியோடு கண் விழிப்பார். யாருமே உதவிக்கு வராவிட்டால் பிழைக்க வாய்ப்பு எவ்வளவு என்று தாளில் போட்டுப் பார்த்தால் 59.5 சதவீதம் வருகிறது. பத்துக்கு ஆறு. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

ஒரு இடைக்குறிப்பு: ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதை நீங்கள் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தே பயந்து ஓடுகிறவர்களை உட்கார வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

முதல் லெவல்

முதல் லெவல் மந்திரவாதி ஒருவரை எடுத்துக்கொள்வோம். உடல்வலு 12 என்றால் அவருடைய ஹெச்பி 7. கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் அம்பு அடிப்பது ஒரு ஆறுமுகப் பகடையும் கூட இரண்டும், சராசரியாக ஐந்தரை. இரண்டு அம்பு பட்டால் ஆள் தரையில். கோப்ளினுக்கு இருபது விழுந்து கிரிட்டிகல் ஆனால் இரண்டு பகடை உருட்டுவார்கள். இரண்டிலும் ஆறு விழுந்தால் மொத்தம் பதினான்கு. ஹெச்பியைத் தாண்டிப் போன மிச்ச அடி முழு ஹெச்பி அளவுக்கு இருந்தால் அந்த இடத்திலேயே சாவு என்று புத்தகம் சொல்கிறது. ஏழு போக மிச்சம் ஏழு. முடிந்தது. எழுந்து நின்று பெயர் சொல்வதற்குள் பாடை கட்ட வேண்டியதுதான்.

இது கற்பனைக் கவலை இல்லை. 2014-ன் தொடக்கப் பெட்டியில் வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்' கதையில் முதல் சண்டையே நான்கு கோப்ளின்கள் பதுங்கியிருந்து தாக்குவதுதான். ஆட்டம் என்றால் என்னவென்றே தெரியாமல் வந்த ஐந்து பேரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால் என்ன ஆகும் என்று உலகம் முழுக்க டிஎம்களுக்குத் தெரியும்.

2008-ல் வந்த நான்காம் பதிப்பில் முதல் லெவலிலேயே உடல்வலு எண்ணை முழுதாக ஹெச்பியோடு கூட்டிவிடுவார்கள். அதை அப்படியே ஐந்தாம் பதிப்பில் போட்டால் நம் மந்திரவாதிக்குப் பத்தொன்பது வரும், கோப்ளின் அடியெல்லாம் கொசுக்கடியாகிவிடும். பாதியைக் கூட்டுங்கள், பதின்மூன்று. இரண்டு அம்பு தாங்குவார், மூன்றாவதுக்குப் பயப்படுவார். அந்தப் பயம் வேண்டும். கூடவே, முதல் இரண்டு லெவலுக்கு 'அந்த இடத்திலேயே சாவு' விதி கிடையாது என்று தாளில் எழுதிவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு, குறும்புக்காரக் குழுக்களுக்குப் பிடிக்கும். 2012-ல் வந்த 'டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ்' ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு சாதாரண ஊர்க்காரர்களைக் கொடுத்துப் பாதாளத்துக்குள் அனுப்புவார்கள். ஆடு மேய்க்கிறவர், புகையிலைத் தோட்டக்காரர், தறிக்காரர், கிணறு வெட்டுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேர் செத்துவிடுவார்கள். வெளியே வந்தவர்தான் உங்கள் நாயகன். இங்கே சாவு அதிகம், வலி குறைவு, ஏனென்றால் செத்தவர் கையில் இன்னும் இரண்டு ஆள் இருக்கிறார்கள்.

விழுந்து எழுந்து விழுந்து

லெவல் ஏறியதும் பிரச்சினை தலைகீழாகும். குணப்படுத்தும் மந்திரம் ஒன்று அறுபது அடி தூரத்திலிருந்தே வேலை செய்யும், அதுவும் ஒரு துணைச் செயலில். விழுந்தவர் ஒரு ஹெச்பி கிடைத்தாலும் எழுந்து முழு பலத்தோடு வெட்டுவார். மறுபடி விழுவார், மறுபடி எழுவார். ஐந்தாறு முறை இப்படி நடந்தால் சாவின் மேல் யாருக்கும் மரியாதை இருக்காது. சில குழுக்கள் விழும்போதெல்லாம் ஒரு படி களைப்பு என்று விதி போடுகின்றன. எனக்கு அது பிடிக்காது. முன்னால் நின்று அடி வாங்கும் போர்வீரர்தான் ஒவ்வொரு முறையும் களைத்துப்போவார். பின்னால் நின்று மந்திரம் போடுகிறவருக்கு வேர்க்கக்கூட வேர்க்காது. துணிச்சலுக்குத் தண்டனை கொடுக்கும் விதி நல்ல விதி இல்லை.

அதற்குப் பதில் விழுப்புண் விதியைப் போடுங்கள். சுழியத்தில் விழுந்து அதே சண்டையில் எழுந்தவருக்கு ஒரு புண் உண்டு. எங்கே என்று ஆட்டக்காரரே சொல்ல வேண்டும். கையில் என்றால் இரண்டு கையால் பிடிக்கும் ஆயுதம் தூக்க முடியாது. காலில் என்றால் முப்பதடி நடை இருபதடியாகும். கண்ணோரம் என்றால் அம்பெய்வது சிரமம், இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். காட்டில் தூங்கினால் ஆறாது. ஏதாவது ஓர் ஊரில் வைத்தியரிடம் ஒரு வாரம் கிடக்க வேண்டும். ஆறாத புண் மூன்று இருக்கும்போது நான்காவது முறை விழுந்தால், யாரும் தூக்கிவிட முடியாது. அடுத்து வரும் தாயக்கட்டை விதிக்கு நேராகப் போக வேண்டியதுதான்.

சங்ககாலத்தில் மார்பில் பட்ட புண் பெருமை, முதுகில் பட்டது அவமானம். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் அதைத் தாங்காமல் வடக்கிருந்து உயிர்விட்டார். இதையும் மேசைக்குக் கொண்டுவரலாம். முதுகில் புண் என்று ஆட்டக்காரர் தானே சொன்னால், அடுத்த ஊர்ச் சாவடியில் யாரோ சிரிப்பார்கள், ஒரு கிழவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். புண் கதையாகிவிடும். டிஎம் மட்டும் இதைத் திணிக்கக் கூடாது.

தாயக்கட்டையும் எமனும்

இப்போது முக்கியமான விதி. மூன்று வெற்றி, மூன்று தோல்வி என்று சுற்றுச்சுற்றாக உருட்டுவதை விட்டுவிடுங்கள். ஐந்து பேர் உள்ள மேசையில் ஒரு சுற்று முடியவே கால் மணி ஆகும், விழுந்தவர் நடுவில் ஒரே ஒரு பகடை உருட்டிவிட்டு மறுபடி கொட்டாவி விடுவார். பதிலாக இப்படி: விழுந்தவர் தன் அடுத்த முறையில் பேசாமல் கிடப்பார். அதற்குள் யாராவது வந்து தொட்டுத் தூக்கினால் விழுப்புண்ணோடு எழலாம். யாரும் வராவிட்டால், அதற்கடுத்த முறையில் அவர் ஒரே ஒரு தடவை தாயக்கட்டை உருட்டுவார்.

பித்தளைத் தாயக்கட்டை ஜோடியில் ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம். ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி, ஒரு முகம் வெறுமை. நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு வழி. அதில் தாயம் (ஒன்று) இரண்டு வழியில் விழும், இரண்டு மூன்று வழியில், மூன்று நான்கு வழியில், நான்கு மூன்று வழியில், ஐந்து இரண்டு வழியில், ஆறும், இரு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டும் ஒவ்வொரு வழியில்.

தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் பிழைத்தார். தாய ஆட்டத்தில் பெரும்பாலும் மறு உருட்டல் கிடைக்கும் எண்கள்தானே, யாருக்கும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பதினாறுக்கு ஆறு. இரண்டோ நான்கோ விழுந்தால் உயிர் போனது, அதுவும் பதினாறுக்கு ஆறு. நடுவில் மிஞ்சும் மூன்று விழுந்தால் எமன் பேரம் பேச வருவார், பதினாறுக்கு நான்கு. பேரத்துக்கு ஒத்துக்கொள்கிறவரையும் சேர்த்தால் பிழைக்க வாய்ப்பு பதினாறுக்குப் பத்து, அதாவது 62.5 சதவீதம். புத்தகத்தின் 59.5-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆகவே இது புத்தகத்தைவிட இரக்கமான விதியும் இல்லை, கொடூரமானதும் இல்லை. ஒரே உருட்டலில் முடிகிறது, எல்லோரும் கட்டையையே பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் வீட்டுக் கட்டையில் புள்ளி வேறு மாதிரி இருந்தால் பதினாறு வழியையும் தாளில் எழுதிக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

சாவோடு பேரம் பேசும் விதிக்கு முன்னோடி 'டஞ்சன் வேர்ல்ட்' என்ற ஆட்டம். அதில் இரண்டு ஆறுமுகப் பகடை. பத்தும் அதற்கு மேலும் பிழைப்பு, ஏழு முதல் ஒன்பது வரை பேரம், அதற்குக் கீழே முடிவு. பேரத்துக்கு அங்கே இடம் அதிகம். ஆனால் சாவோடு பேரம் பேசுவதற்கு நமக்கு வெளியூர்ப் புத்தகம் எதற்கு? சாவித்திரி எமனின் பின்னாலேயே நடந்து வரம் வரமாக வாங்கிக் கடைசியில் புருஷனை மீட்டாள். மார்க்கண்டேயனுக்குப் பதினாறு வயதில் கயிறு வீசப்பட்டது. நசிகேதன் எமன் வீட்டு வாசலில் மூன்று நாள் காத்திருந்து மூன்று வரம் பெற்றான். இந்தக் கதைகளைப் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்தவருக்கு எமன் எப்படிப் பேசுவார் என்று நீங்கள் சொல்லித்தரத் தேவையில்லை.

பேரத்தில் என்ன கேட்பது என்பதில்தான் டிஎம்மின் கைத்திறன். 'பலத்தில் ஒன்று குறையும்' என்பது பேரமே இல்லை, அது அபராதம். ஆட்டத்தில் ஆடக்கூடியதாகக் கேளுங்கள். தாயின் முகம் இனி நினைவில் இருக்காது. அடுத்த அமாவாசைக்குள் ஒருவரை உயிரோடு கொண்டுவந்து காட்டின் ஒரு இடத்தில் விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. இன்று கேட்டதைக் கூட்டாளிகளிடம் சொன்னால் பேரம் முறியும். ஒரே ராத்திரியில் தலை நரைத்துவிடும், ஊரில் யாரும் அடையாளம் காண மாட்டார்கள். ஒரு கட்டுப்பாடு உண்டு: இன்னொரு ஆட்டக்காரரின் கேரக்டரை விலையாகக் கேட்கக் கூடாது. அது மேசையில் சண்டையை மூட்டும், எமன் பெயரைச் சொல்லி நீங்கள் தப்ப முடியாது.

வேண்டாம், நான் போகிறேன் என்று சொல்லவும் ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. அப்படிச் சொல்கிறவருக்குக் கடைசியாக ஒரு செயல் கொடுங்கள், உருட்டத் தேவையில்லை, நினைத்தது நடக்கும். 2025-ல் வந்த 'டாகர்ஹார்ட்' ஆட்டத்தில் சாகும் நேரத்தில் மூன்று வழி வைத்திருக்கிறார்கள்: பெரும் வெற்றியோடு கடைசிச் செயலைச் செய்துவிட்டுச் சாவது, வடு வரும் ஆபத்தோடு மயங்கிப் பிழைப்பது, எல்லாவற்றையும் பகடையில் வைப்பது. முதல் வழியை அங்கிருந்து எடுத்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். கதவைத் தன் உடம்பால் அடைத்து நின்று மற்றவர்களை அனுப்பிவைத்த கேரக்டரைப் பற்றி இரண்டு வருடம் கழித்தும் டீக்கடையில் பேசுவார்கள்.

சொல்லிவிட்டுக் கொல்லுங்கள்

கைகாக்ஸ் 1975-ல் ஒரு போட்டிக்காக எழுதி 1978-ல் அச்சிட்ட 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' கல்லறையில், சுவரில் பச்சை நிறப் பேய்முகம் ஒன்று வாயைத் திறந்துகொண்டு இருக்கும். வாய்க்குள் ஏறினவர் அத்தோடு இல்லை. போட்டிக்கு அது சரி. வாராவாரம் கூடும் நண்பர்களுக்குச் சரிவராது. உயிர் போகும் இடத்துக்கு முன்னால் மூன்று அறிகுறியாவது வைப்பது என் வழக்கம்.

அய்யலூருக்கு அந்தப் பக்கம் கடவூர் மலைக்காடு இருக்கிறதே, 2022-ல் தேவாங்குக்கென்று சரணாலயமாக அறிவித்தார்களே, அந்தச் சாயலில் ஒரு காடு என்று வையுங்கள். ராத்திரி. கிளைகளில் ஜோடி ஜோடியாகக் கண்கள் மின்னுகின்றன. ஓரிடத்தில் மட்டும் எதுவும் மின்னவில்லை. அங்கே ஒரு பாழுங்கிணறு.

"கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குறேண்ணே."

"பாரு. தண்ணி இல்ல. பாதியில படிக்கல்லு ரெண்டு ஒடஞ்சு கெடக்கு. ஒடஞ்ச எடம் வெள்ளையா இருக்கு."

"அப்ப இப்பத்தான் எவனோ எறங்கிருக்கான்."

"எறங்கிருக்கலாம். ஏறுன மாதிரி தெரியல."

"மாப்ள, கயிறு எவ்ளோ நீளம் இருக்கு?"

கண்கள் மின்னாதது ஒன்று, புதிதாக உடைந்த கல் இரண்டு, ஏறாத தடம் மூன்று. இதற்கு மேலும் ஒருவர் இறங்குகிறேன் என்றால், கதைக்குரலை விட்டுவிட்டு நேராகச் சொல்லுங்கள்: "தம்பி, இதுல உசுரு போக வாய்ப்பிருக்கு. எறங்குறியா?" சிலர் இதை ஆட்டத்தின் சுவையைக் கெடுக்கும் என்பார்கள். சுவை கெட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி விழுந்ததும் மேசை நிமிர்ந்து உட்காரும். அதற்குப் பிறகும் இறங்கிச் செத்தவர் யாரையும் குறை சொல்ல மாட்டார்.

ஓடுவதற்கும் விதி வேண்டும்

ஐந்தாம் பதிப்பில் ஓடித் தப்புவது லேசில்லை. நம் கேரக்டரும் முப்பதடி, கோப்ளினும் முப்பதடி. திரும்பினால் முதுகில் ஒரு வெட்டு இலவசம். ஆகவே யாரும் ஓடுவதில்லை, கூண்டோடு சாகிறார்கள். 2013-ல் வந்த 'தர்ட்டீன்த் ஏஜ்' ஆட்டத்தில் இதற்கு அழகான வழி இருக்கிறது. யாராவது ஒருவர் ஓடிவிடலாம் என்று முன்மொழிந்து எல்லோரும் ஒத்துக்கொண்டால், விழுந்து கிடப்பவரையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் தப்பிவிடலாம். உருட்டலே கிடையாது. ஆனால் கதையில் ஒரு நஷ்டம் கட்டாயம்: ஊர் எரியும், பிடிபட்டவர் கை மாறுவார், எதிரி ஒரு படி மேலே போவான்.

இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஓடுனா அசிங்கம்ணே' என்று முறுக்கும் ஆட்டக்காரருக்கு நம் மாவட்டத்துக் கதையையே சொல்லலாம். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலு நாச்சியார், பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவில் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து விருப்பாச்சியில் தங்கினார். ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, படை திரட்டி, 1780-ல் சிவகங்கையை மீட்டார். அந்த எட்டு வருடத்தை உங்கள் மேசையில் ஆடிப் பாருங்கள். அடைக்கலம் தந்தவருக்கு என்ன கடன், யாரை நம்புவது, திரும்பிப் போக யார் யார் வருவார்கள் என்று பத்து ஞாயிறுக்குப் பொருள் இருக்கிறது. நஷ்டம் பெரிதாக இருக்க வேண்டும், மீட்க முடியாததாக இருக்கக் கூடாது.

செத்த பிறகு

உயிர்ப்பிக்கும் மந்திரம் புத்தகத்தில் இருக்கிறது. ஐந்தாம் லெவல் பூசாரி ஒரு நிமிடத்துக்குள் 300 பொற்காசு மதிப்புள்ள வைரத்தைச் செலவழித்தால் செத்தவர் எழுவார். ஒன்பதாம் லெவலில் 500 பொற்காசு வைரத்துக்குப் பத்து நாள் வரையிலும் எழுவார். பையில் வைரம் இருந்தால் சாவு ஒரு செலவுக் கணக்காகச் சுருங்கிவிடும். 'கிரிட்டிகல் ரோல்' நிகழ்ச்சியை நடத்திய மேத்யூ மெர்சர் போட்ட வீட்டு விதி இதைச் சரிசெய்கிறது. கூட்டாளிகளில் மூன்று பேர் வரை முன்வந்து ஏதாவது செய்ய வேண்டும்: பேசலாம், பாடலாம், எதையாவது காணிக்கையாக வைக்கலாம். கடைசி உருட்டலை அது எளிதாக்கும் அல்லது கடினமாக்கும். ஒவ்வொரு முறை மீண்டுவந்த பிறகும் அடுத்த முறை கடினமாகும். ஒப்பாரி தெரிந்த ஊரில் இந்த விதி எப்படி ஆடும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். ஊரில் உண்மையாகவே கும்பிடும் சாமியின் பெயரை மேசைக்குக் கொண்டுவராதீர்கள், கற்பனைச் சாமி ஒன்றை உண்டாக்கிக்கொள்ளுங்கள். யார் வீட்டிலாவது சமீபத்தில் துக்கம் நடந்திருந்தால் அந்த மாதம் இந்தச் சடங்கு வேண்டாம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மீளாதவருக்கு நடுகல். 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. ஒன்று ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவனுக்கு எடுத்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியிலும் அப்படி ஒரு கல் கிடைத்தது. செத்த வீரனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறிப்பது இந்தப் பக்கத்து மண்ணில் இரண்டாயிரம் வருடப் பழக்கம். மேசையில் இதைச் செய்வது சுலபம். செத்த கேரக்டரின் ஆட்டக்காரர் ஒரு அட்டையில் பெயரும், எப்படிச் செத்தார் என்று ஒரு வரியும் எழுதி மேசை நடுவில் நிறுத்துவார். அந்தக் கல் நிற்கும்வரை குழுவில் யாராவது ஒருவர், ஒரே ஒரு முறை, அந்தப் பெயரைச் சொல்லி எந்தப் பகடையையும் மறுபடி உருட்டலாம். உருட்டியதும் அட்டையைக் கவிழ்த்துவிட வேண்டும். யார் எப்போது அதைப் பயன்படுத்துவது என்று வாரக்கணக்கில் தயங்குவார்கள். செத்தவர் மேசையை விட்டுப் போகவே மாட்டார்.

அட்டையை நிறுத்திய கையோடு அந்த ஆட்டக்காரருக்கு வேலை கொடுங்கள். புதுக் கேரக்டர் எழுதும்வரை எதிரிகளை அவர் கையில் கொடுத்துவிடலாம், பழி தீர்க்கக் கிடைத்த வாய்ப்பு என்று ஆடுவார். புதுக் கேரக்டர் அதே லெவலில், அதே ராத்திரியில், அரை மணிக்குள் கதைக்குள் வர வேண்டும். அடுத்த ஊர் வரட்டும், சத்திரத்தில் சந்திக்கட்டும் என்று இழுக்காதீர்கள். கிணற்றுக்குள் கட்டிப்போட்டுக் கிடந்த ஆளாக வரட்டும், செத்தவரைத் தேடி வந்த தம்பியாக வரட்டும்.

சில்லறை விதிகள்

அன்றைக்கு வராதவரின் கேரக்டர் சாகாது. ஷிஃப்ட் மாறிப் பாதியில் எழுந்து போனவருக்கும் இது பொருந்தும். பின்னால் வந்துகொண்டிருக்கிறார், விறகு பொறுக்கப் போனார், எதையாவது சொல்லிக்கொள்ளுங்கள். வந்தவர்கள் ஜெயித்து அவர் லெவல் மட்டும் ஏறாமல் நின்றால் அடுத்த வாரம் முகம் வாடும், ஆகவே லெவலும் எல்லோருக்கும் சேர்ந்தே ஏறட்டும்.

டிஎம் பகடையை மறைத்து உருட்டுவது வேண்டாம். மறைத்து உருட்டிவிட்டு, கிரிட்டிகல் விழுந்தும் விழவில்லை என்று சொல்லிக் காப்பாற்றுகிறவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் ஒருமுறை அது தெரிந்துவிட்டால் அதற்கு முன்னால் பிழைத்ததெல்லாம் பொய்யாகிவிடும். கட்டையைத் துண்டுக்கு அடியில் உருட்டினால் எந்தப் பாட்டியும் தாயம் ஆட உட்கார மாட்டார். காப்பாற்ற வேண்டும் என்று தோன்றினால் விதியைத் திருத்துங்கள், பகடையைத் திருத்தாதீர்கள்.

விதியைத் திருத்துவதற்கும் ஒரு நேரம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது யாரும் விதி கேட்கக் கூடாது. டிஎம் ஒரு முடிவு சொல்லிவிட்டுத் தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்வார். ஆட்டம் முடிந்து டீ வரும்போது அதை எடுத்துப் பேசி, கை தூக்கி முடிவுசெய்து, அடுத்த ஞாயிறிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். அன்றைக்குச் செத்தவருக்கு அது முன்தேதியிட்டுச் செல்லாது.